கல்லூரிக் கட்டணமும் உதவித் திட்டங்களும்: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வந்த கையோடு ஒரே வகையான கேள்விகள் வீடுகளிலும் சமூக மன்றங்களிலும் எழுகின்றன. "இடம் கிடைத்துவிட்டது, பணத்துக்கு என்ன செய்வது?" என்பதே அவற்றின் சாரம். உதவித் திட்டங்கள் கடந்த சில ஆண்டுகளில் பலமுறை மாறியிருப்பதால், மூத்த பிள்ளைக்குப் பொருந்திய கணக்கு இளைய பிள்ளைக்குப் பொருந்துவதில்லை. பெற்றோரும் மாணவர்களும் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன.

பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி என்கிறார்களே, அதுதான் உண்மையான கட்டணமா?

இல்லை. அது மானியம் கழிந்த பிறகு வரும் தொகை. கலை, அறிவியல், பொறியியல் போன்ற பொதுவான பட்டப்படிப்புகளின் முழுக் கட்டணத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைக் கல்வி அமைச்சின் கல்விக் கட்டண மானியம் ஏற்றுக்கொள்கிறது. சிங்கப்பூரர்களைப் பொறுத்தவரை இந்த மானியத்துக்குப் பணிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு எஞ்சுவதே அந்த 8,000 வெள்ளியைச் சுற்றிய தொகை. பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயக் கல்விக்கு இதே வகையில் எஞ்சுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 வெள்ளி. மருத்துவம், பல் மருத்துவம், சட்டம் ஆகியவை தனிக் கணக்கு. மருத்துவத்துக்கு மானியம் போகவும் ஆண்டுக்கு 30,000 வெள்ளியை ஒட்டிய தொகை வரும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உதவி, மனுப் போட்டு வாங்கும் உதவித்தொகையாக இருப்பதில்லை. மானியம் உள்ள ஓர் இடம் கிடைப்பதே அந்த உதவி. ஆகவே இடங்களின் எண்ணிக்கை பற்றிய முடிவுகளையும் உதவிக் கொள்கையாகவே நான் பார்க்கிறேன். ஒரு வயதுப் பிரிவினரில் 40 விழுக்காட்டினருக்கு மானியத்துடன் கூடிய பல்கலைக்கழக இடம் 2020ஆம் ஆண்டுக்குள் கிடைக்க வேண்டும் என்று 2012இல் அரசாங்கம் இலக்கு வகுத்தது. சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம் 2014இலும், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் 2017இலும் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆனது அந்தப் பாதையில்தான். முந்தைய தலைமுறையில் தனியார் கல்லூரிக்கோ வெளிநாட்டுக்கோ முழுக் கட்டணம் கட்டிப் போயிருக்க வேண்டிய பிள்ளைகள் பலர் இன்று மானியக் கட்டணத்தில் படிக்கிறார்கள்.

2020இல் உதவித்தொகை உயர்ந்ததாகச் சொல்கிறார்கள். அது கையில் எவ்வளவு மிச்சமாக்கியது?

2019 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்த மாற்றம் அது. வருமானம் மிகக் குறைந்த பிரிவில் உள்ள மாணவர்களுக்கு, பொதுவான பட்டப்படிப்பின் மானியக் கட்டணத்தில் அதுவரை 50 விழுக்காடு வரை ஏற்ற உதவித்தொகை, 2020ஆம் கல்வியாண்டு முதல் 75 விழுக்காடு வரை ஏற்கத் தொடங்கியது. பட்டயக் கல்விக்கு அது 80 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காடானது.

விழுக்காட்டில் சொன்னால் மனத்தில் பதிவதில்லை, வெள்ளியில் சொல்கிறேன். கட்டணத்தை 8,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், முன்பு ஆண்டுக்கு 4,000 கட்டிய குடும்பம் இப்போது 2,000 கட்டுகிறது. நான்காண்டுப் படிப்புக்கு 16,000 வெள்ளி என்றிருந்த சுமை 8,000 ஆகிறது. பட்டயக் கல்வியில் ஆண்டுக் கட்டணம் 3,000 என்றால், எஞ்சுவது 600இலிருந்து 150ஆகக் குறைகிறது. ஆண்டுக்கு 150 வெள்ளி என்பது பெரும்பாலான வீடுகளில் ஒரு மாதக் கைத்தொலைபேசிக் கட்டணங்களையும் மின்கட்டணத்தையும் சேர்த்தால் வரும் தொகைதான். அந்த நிலையில் "கட்டணம் கட்ட முடியாததால் படிப்பை விட்டேன்" என்று சொல்ல வேண்டிய அவசியம் அநேகமாக இல்லாமல் போய்விட்டது. "வீட்டுக்குச் சம்பளம் வேண்டியிருந்ததால் விட்டேன்" என்ற காரணம் மட்டும் அப்படியே நிற்கிறது. கட்டணத்துக்கான உதவித்தொகை எவ்வளவு உயர்ந்தாலும் அதைத் தொடாது.

அதே உரையில், சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்திலும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்திலும் முழுநேரப் பொதுப் பட்டப்படிப்புக் கட்டணம் கிட்டத்தட்ட 8,000 வெள்ளியிலிருந்து ஏறத்தாழ 7,500 வெள்ளிக்குக் குறைக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. இந்தக் குறைப்பு வருமான வேறுபாடின்றி அங்கு படிக்கும் சிங்கப்பூரர் அனைவருக்கும் பயன்பட்டது.

தகுதியைத் தீர்மானிக்கும் "தலா வருமானம்" என்பது என்ன? அண்ணன் வேலைக்குப் போனால் தம்பியின் உதவித்தொகை போய்விடுமா?

அதிகக் குழப்பம் இங்கேதான் நிகழ்கிறது. ஒரே முகவரியில் வாழும் குடும்பத்தார் அனைவரின் மாத வருமானத்தையும் கூட்டி, அங்கு வாழ்வோரின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது தலா வருமானம். வருமானம் என்பது கையில் வரும் தொகை அன்று. மத்திய சேம நிதிக்குப் பிடிப்பதற்கு முந்தைய மொத்தச் சம்பளம். மிகைநேர ஊதியமும் அதில் சேரும். "எங்கள் வீட்டுக்கு வருவதே இவ்வளவுதான்" என்று வங்கிக் கணக்கைப் பார்த்துத் தம் தகுதியைத் தாமே முடிவு செய்து ஏமாறுவோரும் உண்டு. தகுதி இருந்தும் இல்லை என்று நினைத்து மனுவே போடாதவர்களும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. அப்பா பேருந்து ஓட்டுநர், மொத்தச் சம்பளம் 2,800 வெள்ளி. அம்மா பகுதிநேர வேலையில் 900 வெள்ளி. பாட்டி, பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டில் இருக்கும் அண்ணன், பல்கலைக்கழகத்தில் சேரவிருக்கும் தங்கை ஆகியோரைச் சேர்த்தால் ஐந்து பேர். 3,700ஐ ஐந்தால் வகுத்தால் 740 வெள்ளி. அடுத்த ஆண்டு அண்ணன் 2,600 வெள்ளி சம்பளத்தில் வேலைக்குச் சேர்கிறார். இப்போது 6,300ஐ ஐந்தால் வகுக்க வேண்டும், 1,260 வெள்ளி. தங்கையின் உதவித்தொகை அடியோடு போய்விடாது. ஆனால் உதவி படிநிலைகளாக வகுக்கப்பட்டிருப்பதால், அவர் குறைந்த தொகை தரும் படிக்கு நகரக்கூடும். அண்ணன் தன் சம்பளத்தில் வீட்டுக்கு 300 வெள்ளி மட்டும் கொடுத்தாலும் கணக்கில் முழு 2,600 வெள்ளியும்தான் வரும்.

அண்ணன் திருமணம் செய்துகொண்டு தனி வீட்டுக்குப் போய் முகவரியையும் மாற்றிவிட்டால் நிலைமை பழையபடி ஆகிவிடும் என்று நினைப்போர் உண்டு. அதுவும் சரியன்று. அவருடைய சம்பளம் நீங்குகிறது. அவரும் எண்ணிக்கையிலிருந்து நீங்குகிறார். 3,700ஐ நான்கால் வகுத்தால் 925 வெள்ளி. பழைய 740க்குத் திரும்ப வழியில்லை. பாட்டியின் முகவரி எந்தப் பிள்ளையின் வீட்டில் பதிவாகியிருக்கிறது என்பதுகூட இந்தக் கணக்கில் கனமான செய்தி என்பதை மனுப் படிவத்தை நிரப்பும்போதுதான் பலர் உணர்கிறார்கள்.

படிநிலைகளின் உச்சவரம்புகள் பலமுறை திருத்தப்பட்டுள்ளன. ஆகையால் உறவினர் ஒருவர் மூன்றாண்டுகளுக்கு முன் சொன்ன எண்ணை வைத்து முடிவெடுக்காமல், மனுப் போடும் கல்வியாண்டுக்கான எண்ணைக் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பார்ப்பதே முறை. அப்போது தகுதி இல்லை என்று திரும்பி வந்த குடும்பம், சம்பளம் மாறாமலே இப்போது தகுதி பெற்றிருக்கலாம்.

எங்கள் வருமானம் எல்லைக்குச் சற்று மேலே இருக்கிறது. எங்களுக்கு எதுவும் இல்லையா?

கட்டண மானியம் இருக்கிறது. கடன் வசதிகள் இருக்கின்றன. உதவித்தொகை சிறிதாகவோ இல்லாமலோ போகும். கடந்த ஆண்டுகளின் மாற்றங்கள் கீழ்ப்படியில் உள்ளவர்களுக்கு அதிகமாகவும் நடுப்படியில் உள்ளவர்களுக்குக் குறைவாகவும் பயன் தரும் வகையில் வடிவமைக்கப்பட்டவை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பல்கலைக்கழகத்தில் இருக்கும் குடும்பத்தின் சுமையைத் தலா வருமானம் சரியாக அளப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளையும் இருபது வயதுப் பிள்ளையும் அந்த வகுத்தலில் ஒன்றுதான். வீட்டுச் செலவில் ஒன்றல்ல. இப்படிப்பட்ட குடும்பங்கள் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்தை நேரில் அணுக வேண்டும். பல்கலைக்கழகங்கள் நன்கொடைகளிலிருந்து தரும் சொந்த உதவித்தொகைகளுக்கு அமைச்சின் படிநிலைகளை மட்டுமே அளவுகோலாகக் கொள்வதில்லை.

சேமிப்பு, மத்திய சேம நிதி, வங்கிக் கடன் என்று மூன்றும் இருக்கின்றன. எந்தப் பணத்தை முதலில் எடுப்பது?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. முதலில் கண்ணில் பட்ட கதவைத் தட்டிவிடுகிறார்கள். நம் வீடுகளில் அந்தக் கதவு பெரும்பாலும் அப்பாவின் மத்திய சேம நிதியாக இருக்கிறது. என் கருத்தில் அது கடைசிக் கதவாக இருக்க வேண்டும். காரணம் புரிய மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலாவது, உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கு. 2008இல் தொடங்கப்பட்ட இந்தக் கணக்கு பிள்ளையின் பெயரிலேயே இருக்கும். பலருக்கு இருப்பதே தெரியாது. சிறு வயதில் திறக்கப்படும் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கிலும், எடுசேவ் எனும் பள்ளிக்காலக் கல்விக் கணக்கிலும் செலவாகாமல் மிஞ்சியது இங்கே வந்து சேர்கிறது. அவ்வப்போது அரசாங்கமும் பணம் போடும். 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 13 முதல் 20 வயது வரையிலான சிங்கப்பூரர்களுக்கு, வயதைப் பொறுத்து எடுசேவ் கணக்கிலோ இந்தக் கணக்கிலோ 500 வெள்ளி போடுவதாக அறிவிக்கப்பட்டது. இதற்கு 2.5 விழுக்காடு வட்டி உண்டு. உடன்பிறந்தவரின் படிப்புக்கும் பயன்படுத்தலாம். 30 வயது கடந்தபின் மிஞ்சியது அவரது மத்திய சேம நிதிச் சாதாரணக் கணக்குக்குப் போய்விடும்.

இரண்டாவது, கல்விக் கட்டணக் கடன். மானியக் கட்டணத்தில் பல்கலைக்கழக மாணவர் 90 விழுக்காடு வரையும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் 75 விழுக்காடு வரையும் வங்கி வழியாகப் பெறலாம். உத்தரவாதி ஒருவர் கையெழுத்திட வேண்டும். படிக்கும் காலம் முழுவதும் வட்டி கிடையாது என்பதே இதன் சிறப்பு. படிப்பு முடிந்ததும் சந்தை நிலவரத்தை ஒட்டிய வட்டி தொடங்கும். எஞ்சிய 10 விழுக்காட்டுக்கும் வழியில்லாத, வருமானம் குறைந்த மாணவர்களுக்குத் தனியே ஒரு கல்விக் கடன் உண்டு. அது அந்த மிச்சத்தோடு ஆண்டுக்கு 3,600 வெள்ளி வரை வாழ்க்கைச் செலவுக்கும் தரும். மாதக் கணக்கில் 300 வெள்ளி.

மூன்றாவது, மத்திய சேம நிதிக் கல்விக் கடன் திட்டம். 1989இலிருந்து நடப்பில் உள்ளது. பெற்றோரின் சாதாரணக் கணக்கில் சேர்ந்த தொகையில் 40 விழுக்காடு வரை மானியக் கட்டணத்துக்கு எடுக்கலாம். எடுத்த நாளிலிருந்தே சாதாரணக் கணக்கின் 2.5 விழுக்காட்டு வட்டி ஓடத் தொடங்கும். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு மாணவர் அதை ரொக்கமாக, அதிகபட்சம் 12 ஆண்டுகளில், பெற்றோரின் கணக்குக்கே திருப்பிச் செலுத்த வேண்டும்.

இப்போது வரிசை தெளிவாகும். படிக்கும் காலத்தில் வட்டியில்லாக் கடன் கிடைக்கும்போது, 2.5 விழுக்காடு ஈட்டிக்கொண்டிருக்கும் கல்விக் கணக்கைக் காலி செய்வதில் ஆதாயமில்லை. அதை அப்படியே வளரவிட்டு, பட்டம் பெற்றதும் வட்டி தொடங்குவதற்கு முன் கடனின் ஒரு பகுதியை அதிலிருந்து அடைக்கலாம். அரசாங்கக் கல்விக் கடன்களை அடைக்க அந்தக் கணக்கைப் பயன்படுத்த விதி இடம் தருகிறது. ஆண்டுக் கட்டணம் 8,200 வெள்ளி என்றால் எஞ்சிய 10 விழுக்காடான 820 வெள்ளியைக் கையிருப்பிலிருந்து கட்ட முடிகிற குடும்பத்துக்கு இந்த வழியே மலிவானது. உத்தரவாதி கிடைக்காதபோதும், சந்தை வட்டி மிக உயர்ந்திருக்கும்போதும் மட்டும் சேம நிதிப் பக்கம் திரும்பலாம்.

ஆனால் சேம நிதிக்கான வட்டி அப்பாவுக்குத்தானே திரும்பி வருகிறது? நட்டம் யாருக்கு?

வட்டி அவருக்குத் திரும்புவது உண்மை. பிள்ளை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினால் கணக்கில் நட்டமில்லை. ஆண்டுக்கு 8,200 வெள்ளி வீதம் நான்காண்டுகள் எடுத்தால் அசல் 32,800. தவணை தொடங்கும்போது அது ஏறத்தாழ 35,800 வெள்ளியாக வளர்ந்திருக்கும். 12 ஆண்டுகளில் அடைக்க மாதம் 290 வெள்ளி அளவில் தேவைப்படும். முதல் வேலையில் சேர்ந்த பட்டதாரிக்கு அது தாங்கக்கூடிய தொகையே.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கடனின் மாதத் தவணை அதே சாதாரணக் கணக்கிலிருந்துதான் போகிறது. அப்பாவுக்கு ஐம்பது வயதில் வேலை போனால், சில மாதத் தவணைகளைத் தாங்க அந்தக் கணக்கில் இருப்பதே ஒரே மெத்தை. அந்த மெத்தையைக் கட்டணத்துக்காக உருவி எடுத்துவிட்டால் வீட்டுத் தவணைக்கு ரொக்கம் தேட வேண்டி வரும். "என் பிள்ளை படிக்க நான் கொடுக்காமல் யார் கொடுப்பது" என்ற பாசம் நியாயமானது. அந்தப் பாசத்தில் கையெழுத்திடும் முன் கணக்கில் எத்தனை மாதத் தவணை மிஞ்சும் என்று ஒருமுறை வகுத்துப் பார்ப்பது நல்லது.

மகன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தவர். மேற்கொண்டு பட்டயம் படிக்கத் தயங்குகிறார். உதவி உண்டா?

உண்டு. 2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட முன்னேற்ற விருது இத்தகையோருக்கானது. 30 வயதுக்கு மேற்படாத சிங்கப்பூரர் பட்டயப் படிப்பில் சேரும்போது அவரது உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் 5,000 வெள்ளியும், பட்டயம் பெற்றதும் மத்திய சேம நிதிச் சாதாரணக் கணக்கில் 10,000 வெள்ளியும் போடப்படும். தயக்கம் பெரும்பாலும் கட்டணத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. இருபத்திரண்டு வயதில் சம்பாதிப்பதை நிறுத்துவதைப் பற்றியது. 10,000 வெள்ளி வீடு வாங்கும்போது உதவும் என்பதால், இழந்த சம்பளத்தில் ஒரு பங்கு பின்னால் திரும்பி வருவதாகக் கொள்ளலாம்.

தனியார் கல்லூரிக்கும் வெளிநாட்டுக்கும் இவற்றைப் பயன்படுத்த முடியுமா?

முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரிகள் வழங்கும் வெளிநாட்டுப் பட்டங்களுக்குக் கட்டண மானியமும், மேலே சொன்ன கட்டணக் கடனும், சேம நிதிக் கல்விக் கடனும் பொருந்தா. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் அவ்வாறே. அந்த வழிகளில் செல்வோர் வங்கிகளின் சாதாரண வணிகக் கடனைத்தான் நம்ப வேண்டும். அதில் படிக்கும் காலத்திலேயே வட்டி ஓடும்.

நாங்கள் நிரந்தரவாசிகள். எங்கள் உறவினர் மகன் இந்தியாவிலிருந்து வந்து இங்கே படிக்க விரும்புகிறான். எங்கள் நிலை என்ன?

நிரந்தரவாசிகள் சிங்கப்பூரரைவிட அதிகக் கட்டணம் கட்டுகிறார்கள். கல்வி அமைச்சின் உதவித்தொகைகள் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை. அனைத்துலக மாணவர் மானியம் பெற ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, படிப்பு முடிந்தபின் மூன்றாண்டுகள் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்ய வேண்டும். ஊரில் இருக்கும் பெற்றோர் அதை "சலுகை" என்று மட்டும் கேள்விப்பட்டுக் கையெழுத்துப் போட வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்; அது ஒப்பந்தம் என்பதைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டியது இங்கிருக்கும் உறவினரின் பொறுப்பு.

சிண்டாவின் பங்கு என்ன?

1991இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமே சிண்டா. அது இந்தியச் சமூகத்தினரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படும் தொகையைக் கொண்டு இயங்குகிறது. சம்பளத்தைப் பொறுத்து அது 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை இருக்கும். சம்பளச் சீட்டில் அந்த வரியை ஆண்டுக்கணக்கில் பார்த்தும், தம் பிள்ளைக்கு உதவி கேட்கக் கூச்சப்படும் குடும்பங்கள் ஏராளம். கூச்சத்துக்கு இடமில்லை, அது நாம் கட்டிய பணம். அமைச்சின் உதவித்தொகையோடு அதையும் சேர்த்துப் பெற முடியுமா என்பதை இரு இடங்களிலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொருள் சேவை வரி 9 விழுக்காடானதால் கட்டணம் உயர்ந்ததா?

மானியம் பெறும் மாணவர்களின் கல்விக் கட்டணத்துக்கான அந்த வரியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. உயர்ந்தது உணவுக் கடைச் செலவும் மடிக்கணினி விலையும்தான்.

படிக்கும் காலத்தில் வீட்டில் வேலை போய்விட்டால்?

அடுத்த கல்வியாண்டு வரை காத்திருக்காதீர்கள். வேலை நீக்கக் கடிதத்துடன் உடனே கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குச் செல்லுங்கள். தலா வருமானக் கணக்கு பழைய சம்பளத்தை வைத்துப் போடப்பட்டிருக்கும். அதைத் திருத்தச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நெருக்கடிக் காலங்களில் அரசாங்கமே விதிகளைத் தளர்த்தியதும் உண்டு. கொவிட் காலத்தில், 2020 ஜூன் முதல் ஓராண்டுக்கு, பட்டதாரிகள் அரசாங்கக் கல்விக் கடன்களுக்குச் செலுத்த வேண்டிய தவணையும் வட்டியும் நிறுத்திவைக்கப்பட்டன.

எனக்கு 43 வயது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நானே பட்டயம் படிக்கலாமா?

படிக்கலாம். 40 வயதும் அதற்கு மேற்பட்டோருக்கும் 2024 மே மாதம் பயிற்சிக் கட்டணத்துக்கான 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை வழங்கப்பட்டது. 2025ஆம் கல்வியாண்டு முதல் அவர்கள் இன்னொரு முழுநேரப் பட்டயத்தையும் மானியத்துடன் படிக்க முடிகிறது. தகுதியுள்ள முழுநேரப் பயிற்சிகளில் சேர்வோருக்குச் சம்பளத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, மொத்தம் 24 மாதங்களுக்குப் படித்தொகையும் உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அண்ணனின் சம்பளத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் கொள்கை, தாய்க்கு மட்டும் இழந்த சம்பளத்தில் பாதியைத் தர முன்வருவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் நாற்பதைக் கடந்தவரைக் கல்லூரிக்குப் போகவிடாமல் தடுப்பது கட்டணமன்று, மாதச் சம்பளமே என்பதை இத்திட்டத்தை வகுத்தவர்கள் சரியாகவே கண்டுகொண்டிருக்கிறார்கள். சேரும் முன் அந்தப் படிப்பு படித்தொகைக்குத் தகுதியுள்ள பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் படிப்புகளும் அதில் இல்லை.